இடையில் புகும் எண்

திருவனந்தபுரத்தில் 1829இல் தோன்றிய பொது நூலகத்தைப் போன்ற பழைய நூலகங்களில், புதுநூல் ஒன்று இடையில் புகுந்ததற்காகப் பக்கத்து நூல்களின் முதுகுச்சீட்டுகளைக் கிழிப்பதில்லை. எக்ஸ்எம்எல் தரவுத்தளங்கள் இவ்வமைதியை எய்தச் சில காலம் பிடித்தது.

ஆவணத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் எண் வேண்டும்; வரிசையும் பெற்றோர்-பிள்ளை உறவும் அதிலிருந்தே புலப்பட வேண்டும். 2002இல் இகோர் தாதரினோவ் குழுவினர் டியூயியின் பதின்மமுறையைத் தழுவி 1.2.3 என எண்ணிட்டனர். நடுவே ஒரு கணுவைச் செருகினாலோ, அதற்குப் பின்னுள்ள உடன்பிறப்புகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் எண் மாறவேண்டும். 2004இல் வந்த ஆர்ட்பாத் முறை தொடக்கத்தில் ஒற்றைப்படை எண்களை மட்டுமே வழங்கியது. 1.3க்கும் 1.5க்கும் இடையே நுழைவது 1.4.1. அந்த 4 வரிசையில் இடங்காட்டும், மட்டக்கணக்கில் சேராது.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய சீ.இரா. அரங்கநாதனைக் கற்றவர்க்கு இது பழகிய முகம். அவரது கோலன் பகுப்புமுறையில் (முதற்பதிப்பு 1933) 9 ஒரு வெற்று இலக்கம்: வரிசைமதிப்பு உண்டு, பொருள்மதிப்பு இல்லை. 8க்குப் பின் வரும் 91, 92 ஆகியவை 1 முதல் 8 வரையுள்ளவற்றுக்கு உடன்பிறப்புகளே. அவர் வரிசையின் கடைக்கோடியை நீட்டினார். ஆர்ட்பாத் நடுவைப் பிளந்தது. நேரடித் தாக்கம் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் டியூயியின் பெயரைக் கணினியியல் ஏற்றுக்கொண்டிருக்க, அரங்கநாதனை நாம் நூலகவியல் வகுப்பறைக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.