பிளாந்தேயின் பாட்டரி

பள்ளியில் பிரெஞ்சில் படித்த பெயர்களுள் காஸ்தோன் பிளாந்தே ஒன்று. 1859இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் முதல் பாட்டரியைச் செய்தவர். 2012 மின்வெட்டின்போது திண்டுக்கல்லில் நாங்கள் இன்வெர்ட்டருடன் வாங்கியது அதன் வாரிசைத்தான். 50 கிலோவுக்கு மேல் கனம். டிஸ்டில்டு வாட்டரும் ஊற்ற வேண்டும்.

1991இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த லித்தியம் அயான் பாட்டரி கனத்தைக் குறைத்தது. கையில் தூக்கும் பவர் ஸ்டேஷன் அதன் பிள்ளை.

எதை வாங்குவது? வாட் அவர் கணக்கைப் பாருங்கள். 500 என்றால், 70 வாட் மின்விசிறி ஆறு மணி நேரம் சுற்றும். 150 ஆம்பியர் அவர், 12 வோல்ட் இன்வெர்ட்டர் பாட்டரிக்கு 1,800. பாதி கிடைத்தாலும் விடியும்வரை ஓடும். சிறுமலைக்குக் கொண்டுபோகச் சின்னப் பெட்டி போதும். வயதானவர்கள் உறங்கும் வீட்டுக்கு என் ஓட்டு பிளாந்தேக்குத்தான்.