21 அடி கடந்து வந்த பாதை

கத்தியோடு வருகிற ஆள் எவ்வளவு கிட்டே வந்தால் சுடலாம்? அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீசாருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்துவந்த டென்னிஸ் டூலர், இதை ஓடவிட்டே அளந்து பார்த்தார். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுட ஒருவருக்குச் சுமார் ஒன்றரை விநாடி. அதே ஒன்றரை விநாடியில் ஓடிவருகிறவன் 21 அடியைத் தாண்டிவிடுகிறான். 1983இல் 'ஸ்வாட்' இதழில் இதைக் கட்டுரையாக எழுதினார்.

அந்தக் கட்டுரை சுடச் சொல்லி எழுதப்பட்டதல்ல. முன்கூட்டியே உஷாராகுங்கள், மறைவு தேடுங்கள், சில நேரம் பின்வாங்குவதே நல்லது என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் பயிற்சிக் கூடங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் போய்ச் சேர்ந்தது எண் மட்டும்தான். '21 அடி விதி' என்று அதற்குப் பெயரும் வந்தது. எச்சரிக்கையாகப் பிறந்தது அனுமதிச் சீட்டாக மாறியதுதான் இந்தக் கதையின் பெருங்கேடு. மனநலம் குலைந்து கையில் கத்தியோடு நிற்கும் ஒருவரை உயிரோடு மீட்க வாய்ப்பிருந்த இடத்திலும், அடிக்கணக்கு முந்திக்கொண்டது.

இதற்கு மாற்று வழி தேடி, 2015 நவம்பரில் அமெரிக்க போலீஸ் அதிகாரிகள் சிலர் ஸ்காட்லாந்தின் டலியாலன் போலீஸ் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே பெரும்பாலான போலீசார் துப்பாக்கி ஏந்துவதில்லை. கத்திக்காரன் ஓர் அடி முன்னே வைத்தால் போலீஸ்காரர் ஓர் அடி பின்னே வைக்கிறார். பேச்சை மட்டும் விடுவதில்லை. இடைவெளியும் மறைவும் இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

அந்த அதிகாரிகளை அங்கே அழைத்துப்போன 'போலீஸ் எக்சிகியூட்டிவ் ரிசர்ச் ஃபோரம்' அமைப்பு, 21 அடி விதி காலாவதியானது என்று 2016இல் வெளிப்படையாக எழுதி, 'ஐகேட்' என்ற புதிய பயிற்சியைக் கொண்டுவந்தது. அதன் படிகள் இவை: தகவல் திரட்டு, ஆபத்தை எடைபோடு, சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார், வழிகளை ஒப்பிடு, செய்தபின் மறுபடி யோசி. இந்தச் சுற்றின் நடுவில் இருப்பது மனித உயிரின் மதிப்பு.

போலீஸ்காரரின் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு அமெரிக்காவின் லூயிவில் நகரம் பதில் தந்திருக்கிறது. அங்கே இந்தப் பயிற்சிக்குப் பிறகு பலப்பிரயோகம் சுமார் 28 சதவீதமும், பொதுமக்கள் காயமடைவது 26 சதவீதமும் குறைந்ததாக ஆய்வு காட்டியது. போலீசார் காயமடைவது அதைவிட அதிகமாக, 36 சதவீதம் குறைந்தது.