கயிற்றில் ஒருத்தி

1997 மே 18 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் எட்டாம் பருவம் நிறைவடைந்தது. அதன் கடைசி எபிசோடுக்கு 'லிசா சிம்ப்சனின் இரகசியப் போர்' என்ற பொருளில் தலைப்பு. சேட்டை எல்லை மீறிப்போன பார்ட்டைப் பெற்றோர் ஓர் இராணுவப் பள்ளியில் சேர்க்கிறார்கள். கொண்டுவிடக் கூட வந்த எட்டு வயதுத் தங்கை லிசா, நானும் இங்கேயே படிக்கிறேன் என்கிறாள். அதுவரை ஒரு பெண்கூடப் படித்திராத பள்ளி அது.

அவளை இழுத்தது துப்பாக்கி அல்ல. ஒரு வகுப்பில் மாணவர்கள் கீட்ஸின் கவிதையை வைத்து அழகையும் உண்மையையும் பற்றி விவாதிப்பதைப் பார்க்கிறாள். தன் பள்ளியில் கிடைக்காத படிப்பு இங்கே கிடைக்கும் என்று நம்புகிறாள். கவிதை நடத்திச் சம்பளம் வாங்கும் எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது; பிறகு வலித்தது. நல்ல படிப்பை எங்கே பூட்டி வைத்திருக்கிறார்களோ, அந்தக் கதவைத்தானே பெண் தட்ட வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைக்குப் பின்னால் அப்போது நடந்துகொண்டிருந்த வரலாறு இருக்கிறது. தென் கரோலினாவில் உள்ள சிட்டடல், 1842இல் தொடங்கிய அரசு இராணுவக் கல்லூரி. 1993இல் ஷானன் ஃபாக்னர் அதற்கு விண்ணப்பித்தார். சான்றிதழில் பாலினக் குறிப்பு இல்லாததால் இடம் கிடைத்தது. பெண் என்று தெரிந்ததும் அது பறிபோனது. அவர் வழக்குத் தொடுத்தார். 1995 ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவோடு உள்ளே போனவர், வெயிலில் உடல்நலம் கெட்டு, ஒரு வாரம் முடியுமுன் வெளியேறினார். மாணவர்கள் ஆரவாரம் செய்து கொண்டாடினார்கள். அதே நாட்களில் ஆண்கள் பலரும் விலகிப்போனார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓர் ஆண் தோற்றால் அது அவனோடு போயிற்று. முதலாவதாகப் போன பெண் தோற்றால், பெண்களுக்கே இது ஆகாது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

1996 ஜூன் 26 அன்று இன்னொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு தீர்ப்பு எழுதியது. 1839இல் தொடங்கிய வர்ஜீனியா இராணுவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்தது அரசியலமைப்புக்கு எதிரானது என்று ஏழு நீதிபதிகள் முடிவுசெய்ய, ஒருவர் மறுத்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பெண்களுக்குத் தனியாக வேறொரு கல்லூரியில் பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறோம் என்ற மாநில அரசின் சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. பழைய கல்லூரியின் பெயரும் செல்வாக்கும் பழைய மாணவர்களின் பிணைப்பும் அந்த மாற்றுத் திட்டத்தில் கிடைக்காது என்பதைச் சுட்டிக்காட்டினார்.

போர் வேண்டாம் என்று எழுதுகிறவள் நான். பெண்ணும் சீருடை அணிந்து சுடக் கற்றால் சமத்துவம் வந்துவிடுமா என்பது பெண்ணியத்துக்குள் நெடுநாள் சண்டை. எனக்கும் அதில் தெளிந்த விடை இல்லை. ஆனால் அந்தக் கல்லூரிகள் சிப்பாய்களை மட்டும் உருவாக்கவில்லை. அரசியலுக்கும் வணிகத்துக்கும் ஆட்களை அனுப்பின. கதவைத் திறக்கச் சொல்வது ஒன்று, உள்ளே நடப்பதை ஒப்புக்கொள்வது வேறு. முதலாவதைக் கேட்டவர்கள் இரண்டாவதுக்குக் கையெழுத்திட்டதாக நான் நினைக்கவில்லை.

தீர்ப்பு வந்த இரண்டே நாளில் சிட்டடலும் பணிந்தது. அந்த ஆண்டே நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். தங்கள் உடையில் தீ வைக்கும் அளவுக்கு ராகிங் நடந்ததாகச் சொல்லி, அவர்களில் இருவர் 1997 ஜனவரியில் விலகினார்கள். எபிசோடு ஒளிபரப்பானது அதற்கு நான்கு மாதம் கழித்து. அதிலும் ராகிங் உண்டு. ஆனால் லிசாவை அதிகம் வாட்டுவது அதற்குப் பின் வரும் தனிமை. பையன்கள் பார்ட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவளை ஒதுக்கிவிடுகிறார்கள். அண்ணன் இரவில் யாருக்கும் தெரியாமல் அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். பகலில் பேசமாட்டான்.

இறுதித் தேர்வு, முள்புதருக்கு மேலே 40 அடி உயரத்தில் 150 அடி நீளக் கயிற்றைக் கைகளால் பற்றிக் கடப்பது. பாதியில் லிசாவின் பிடி நழுவுகிறது. கீழே பையன்கள் அவள் விழுவதற்காகக் கூச்சலிடுகிறார்கள். அப்போதுதான் பார்ட் எல்லோர் முன்னிலையிலும் குரல் கொடுக்கிறான். அவள் கடந்துவிடுகிறாள்.

பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது: அண்ணன் வாய் திறக்காத நாளில் அவள் என்ன செய்வாள்? 1997 ஆகஸ்டில் வர்ஜீனியா கல்லூரிக்குள் 30 பெண்கள் ஒன்றாக நுழைந்தார்கள். 1999 மே மாதம் சிட்டடல் பயிற்சிப் படையில் படிப்பை முடித்து முதல் பெண்ணாக நான்சி மேஸ் பட்டம் பெற்றார். ஃபாக்னருக்கு வாய்க்காதது இவர்களுக்கு வாய்த்தது: பக்கத்தில் இன்னொரு பெண். உடலுரம் அதற்கு அடுத்ததுதான்.

எபிசோடின் முடிவில் லிசாவுக்குப் பதக்கம் தருகிறார்கள். எதற்காக? இரண்டாம் வகுப்பைத் திருப்திகரமாக முடித்ததற்காக. தன் பழைய பள்ளியிலேயே இருந்திருந்தாலும் அதை அவள் முடித்திருப்பாள்.