அடிக்கடி அணைத்துப் போட்டால் மின்சாதனம் கெடுமா?

"சும்மா சும்மா சுவிட்சைத் தட்டாதே, பல்பு போய்விடும்" என்பார்கள் பெரியவர்கள். அணைக்காவிட்டால் பில் ஏறும் என்பது இன்னொரு பேச்சு. இரண்டிலும் உண்மை உண்டு. எந்தச் சாதனம் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

பழைய குண்டு பல்பைப் போடும் நொடியில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மின்சாரம் பாயும். தேய்ந்த இழை அப்போதுதான் அறுந்துபோகும். அமெரிக்காவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்து வருகிறது. அதை அரிதாகவே அணைத்திருக்கிறார்கள். ஆனால், அது சுமார் 4 வாட் அளவில் மங்கலாக எரிவதும் அந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

கலிமந்தாங் விளக்கு ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் அதன் இரு முனைகளிலும் உள்ள பூச்சு கொஞ்சம் தேயும். கால் மணி நேரத்துக்கு மேல் வெளியே போவதென்றால் மட்டும் அணைப்பது நல்லது. எல்இடி விளக்கை எத்தனை முறை அணைத்தாலும் பெரிய பாதிப்பில்லை. அதற்குச் சூடுதான் எதிரி.

அதிகம் கவனிக்க வேண்டியவை குளிர்பெட்டியும் ஏர்கோனும்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தரை வீடானாலும், இடி மழையில் மின்சாரம் 'டிரிப்' ஆவது வழக்கம். உடனே மறுபடியும் போட்டால், உள்ளே வாயு அழுத்தம் இறங்காத நிலையில் கம்ப்ரெசர் சுழல முடியாமல் திணறிச் சூடேறும். இது அடிக்கடி நடந்தால் கம்ப்ரெசரே கெட்டுவிடலாம். மாற்றுவதற்கு நூற்றுக்கணக்கான வெள்ளி செலவாகும். எனவே குறைந்தது 5 நிமிடம் பொறுத்துப் போடுங்கள். புதிய ஏர்கோன்கள் பலவற்றில் இந்தத் தாமதம் உள்ளேயே அமைந்திருக்கும். பழைய குளிர்பெட்டிகளில் இருக்காது.

இடி நெருங்கும் முன்பே டிவி, இணைய மோடம் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அணைத்துப் போடாததால் பழுதாகும் சாதனமும் ஒன்று உண்டு. மெயின் பெட்டியில் உயிர் காக்கும் இஎல்சிபிதான் அது. பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால் அதன் உள்பாகம் இறுகிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை உடனே அழைக்க வேண்டும். சோதிக்கும் முன் குளிர்பெட்டியையும் ஏர்கோனையும் அணைத்துவிட மறக்காதீர்கள்.