இளம் வீரர் தேர்வு (கபடி, தமிழ்நாடு)

தொழில்முறைக் கபடி அணிகள், இன்னும் பெயர் பெறாத இளைஞர்களைக் கண்டெடுத்து ஒப்பந்தம் செய்துகொள்வதை இளம் வீரர் தேர்வு என்பார்கள். 2014 ஜூலை 26 அன்று எட்டு அணிகளோடு தொடங்கிய புரோ கபடி லீக்கில் 2017-இல் மேலும் நான்கு அணிகள் சேர்ந்தன. அந்த நான்கில் ஒன்று தமிழ் தலைவாஸ். தமிழ்நாட்டில் இளம் வீரர் தேர்வு பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த அணியைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் தேர்வுக்கான ஆட்கள் வருவது கிராமத்து மின்னொளிப் போட்டிகள், பள்ளி மைதானங்கள், அரசு விளையாட்டு விடுதிகள், சென்னையின் தென்புறக் கல்லூரிகள் ஆகியவற்றிலிருந்து.

முறை

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் 1986 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில், பட்டியலின் அடியில் முடித்த அணிக்கே முதல் வாய்ப்பு. நலிந்த அணிக்கு நல்ல பையன் கிடைக்கட்டும் என்ற ஏற்பாடு அது. புரோ கபடியில் அணிகளைச் சமப்படுத்தும் வேலையைப் பணவரம்பு செய்கிறது. 10-ஆம் சீசன் முதல் ஓர் அணி தன் வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய தொகை 5 கோடி ரூபாய். ஏலத்தில் ஏ, பி, சி, டி என நான்கு பிரிவுகள். அடிப்படை விலை முறையே 30, 20, 13, 9 லட்சம்.

இதற்குப் பக்கவாட்டில் இன்னொரு வாசல் உண்டு. அதன் பெயர் ‘புதிய இளம் வீரர்’. லீக்கே நடத்திய திறன் தேடல் முகாம்களில் 18 முதல் 22 வயது வரையிலான இளைஞர்கள் பார்க்கப்பட்டார்கள். அப்படி வந்தவர் நன்றாக ஆடினால், அடுத்த சீசனில் ஏலத்துக்கு விடாமல் அணியே தக்கவைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஏலத்தில் கோடி கொடுத்தால்தான் கிடைக்கக்கூடிய ஆட்டத்தைச் சில லட்சங்களில் இரண்டு மூன்று சீசன்கள் பெற்றுவிடலாம். பணவரம்பு உள்ள ஒரு லீக்கில் இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை. கெட்டிக்கார அணிகள் ஏல நாளைவிட இந்த வாசலில்தான் அதிகம் மெனக்கெடுகின்றன.

எதைப் பார்க்கிறார்கள்

முதல் கேள்வி எடை. 20 வயதுக்குட்பட்ட ஆண்கள் போட்டிகளில் வரம்பு 70 கிலோ, பெரியவர்களுக்கு 85. ஜூனியர் தேசியப் போட்டியில் கொடிகட்டிப் பறந்த பையன் மறுவருடமே தன்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கனமானவர்கள் நடுவே பாடிப்போக வேண்டியிருக்கும். ஆகவே தேர்வாளர் இன்றைய உடம்பைப் பார்த்தால் போதாது. எலும்புக்கட்டு, தோளகலம், உயரம் ஆகியவற்றை வைத்து இன்னும் எவ்வளவு சதை போடும், போட்டபின் வேகம் மிஞ்சுமா என்று கணிக்க வேண்டும். ஜூனியர் போட்டிக்காகச் சோற்றைக் குறைத்து எடையை அடக்கிவைத்திருக்கும் பையன்களும் உண்டு. அவர்களின் உண்மையான பலம் அந்தப் போட்டியில் தெரியாது.

இரண்டாவது, நிற்கும் இடம். வரிசையின் ஓரத்தில், அதாவது கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடிப்பவர். அவருக்கு எடையைவிட நேரம் பார்த்துப் பாய்வது முக்கியம். அதனால் மெலிந்த பையனும் அங்கே தேறலாம். அதற்கு உள்பக்கமாகக் கவரில் நின்று மோதித் தள்ளுபவருக்கும் இடுப்பைக் கட்டுபவருக்கும் உடம்பு வேண்டும். பிடிப்பவர்களை ஒற்றையாக மதிப்பிடுவது கடினம் என்பதையும் மறக்கக் கூடாது. கார்னரும் கவரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து ஆடினால்தான் சங்கிலி அறுபடாது. முகாமில் முன்பின் தெரியாத ஏழு பேரைச் சேர்த்து நிறுத்தினால் நல்ல பிடிகாரனும் தடுமாறுவான். முகாம்களில் பாடிப்போகும் ரெய்டர்கள் எளிதாகக் கண்ணில் படுவதற்கும் பிடிப்பவர்கள் தவறிப்போவதற்கும் இது ஒரு காரணம்.

மூன்றாவது, மண் தரையும் ‘மேட்’ என்னும் விரிப்பும். மண்ணில் வெறுங்காலோடு வளர்ந்தவர் மேட் மீது ஷூ போட்டுத் திரும்பும்போது கால் வேறுவிதமாக ஊன்றுகிறது. பழகிக்கொள்ளாதவருக்கு முட்டியும் கணுக்காலும்தான் முதலில் போகும். மாதக்கணக்கில் மேட் கிடைத்த பையனையும் அதை அன்றுதான் மிதித்த பையனையும் ஒரே மதிப்பெண்ணில் எடைபோடுவது நியாயமில்லை.

எண்ணிக்கை ஏமாற்றும். பலவீனமான மாவட்ட அணிக்கு எதிராக எடுத்த இருபது புள்ளிகளைவிட, இரண்டு ரெய்டுகள் வெறுமையாகப் போன பிறகு புள்ளி எடுத்தே ஆகவேண்டிய மூன்றாவது ரெய்டில் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பது அதிகம் சொல்லும். 30 வினாடியில் பதறிக் கோட்டைத் தாண்டுகிறானா, போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டி எதிரியை முன்னே இழுக்கிறானா? களத்தில் மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது பிடிப்பவன் அவசரப்படுகிறானா, காத்திருக்கிறானா? இவற்றைக் காணொளியில் ஓரளவுதான் பார்க்க முடியும். மைதானத்தில் உட்கார்ந்துதான் தீரவேண்டும்.

தமிழ் தலைவாஸ்

தொடக்க ஆண்டுகளில் இந்த அணி பெயருக்குப் பணம் கொடுத்தது. அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர் ஆகியோரோடு 2019-இல் 94 லட்சத்துக்கு ராகுல் சௌதரியும் சேர்ந்தார். காகிதத்தில் அதைவிடப் பலமான அணி இல்லை. அந்த 7-ஆம் சீசனில் பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம்.

9-ஆம் சீசனில் (2022) அணி பவன் ஷெராவத்தை அன்றுவரை லீக்கில் யாருக்கும் தராத 2.26 கோடிக்கு வாங்கியது. அக்டோபர் 8 அன்று குஜராத்துடனான முதல் ஆட்டத்திலேயே அவர் முட்டியில் அடிபட்டு வெளியேறினார். சீசன் முழுக்கத் திரும்பவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் அதே ஆண்டு புதிய இளம் வீரராக வந்த நரேந்தர். முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள். சாகர், சாஹில் குலியா என்று வயதில் சிறியவர்களே பிடிவரிசையில் நின்றார்கள். சீசன் நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்டனிடம் 37–39 என்று தோற்றது. அணியின் வரலாற்றில் மிகச் சிறந்த சீசன், அதன் மிக விலையுயர்ந்த வீரர் அடிபட்டு வெளியே இருந்த சீசன்தான்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் புனேயைப் பாருங்கள். அஸ்லம் இனாம்தாரும் மோஹித் கோயத்தும் அங்கே இளம் வீரர்களாக நுழைந்தவர்கள். அவர்களைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு, 2.35 கோடிக்கு ஈரானின் ஷாத்லூயியைச் சேர்த்து, 2024 மார்ச் 1 அன்று ஹரியானாவை வென்று 10-ஆம் சீசன் கோப்பையை எடுத்தார்கள். நட்சத்திரம் வேண்டாம் என்பதில்லை. அடித்தளம் போட்ட பிறகு வாங்க வேண்டும். தலைவாஸ் 11-ஆம் சீசனில் மறுபடி 2.15 கோடியைச் சச்சின் தன்வர் ஒருவருக்கே கொடுத்து ஒன்பதாவதாக முடித்தது.

‘தமிழ்’ என்ற பெயர் தாங்கிய அணியில் தமிழர்கள் சிலரே என்ற மனக்குறை ரசிகர்களிடம் பழையது. பிரபஞ்சன், அபிஷேக் போன்றோர் ஆடியிருந்தாலும் முதுகெலும்பு பெரும்பாலும் ஹரியானாவினுடையது. ஊர்ப்பற்றுக்காக எடுக்கச் சொல்வது வீண். ஆனால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

சென்னையின் தென்புறம்

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து இருபுறமும் பல்லாவரம், காட்டாங்குளத்தூர் வரை உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்க்கின்றன. டெல்டாவிலிருந்தும் தெற்கு மாவட்டங்களிலிருந்தும் கபடிக்காரர்கள் இந்த வழியாகத்தான் நகரத்துக்கு வருகிறார்கள். கல்லூரி ஆட்டத்தை லீக்கும் கவனிக்கிறது: கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிக்கு வந்த இரு அணிகளின் 24 பேரை 2022 ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். இருந்தும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி ரயில்வே அல்லது போலீஸ் வேலை பற்றியதாகத்தான் இருக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தை நம்ப அவர்களுக்குக் காரணமில்லை.

இந்தப் பகுதியிலிருந்து அண்மையில் நாடறிய வந்தவர் கண்ணகி நகர் கார்த்திகா. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடினார். ஆண்கள் அணியில் தங்கம் வென்ற வடுவூர் அபினேஷுக்கும் அவருக்கும் தமிழ்நாடு அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியது. அபினேஷை நாளை ஏதாவதொரு புரோ கபடி அணி எடுக்கலாம். கார்த்திகாவை எடுக்க அங்கே அணி இல்லை. அந்த லீக்கின் ஏற்பாட்டாளர்கள் பெண்களுக்காக நடத்திய ‘மகளிர் கபடி சேலஞ்ச்’ 2016-இல் மூன்று அணிகளோடு ஒரே ஒரு சீசன் நடந்து நின்றுபோனது.