கூண்டு எண் 11

பொன்னேரி தாண்டி பழவேற்காட்டுச் சாலையில் பாதி தூரம் வந்திருப்போம். டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி. பிரேக்.

வண்டியை ஓரங்கட்டினேன். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து இறக்கிப் பார்த்தேன், விளக்கு அணையவில்லை. பெடலை அழுத்தினால் கல்லு மாதிரி நிற்கிறது. போனட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒழுங்காக இருக்கிறது. எல்லாம் சரி, விளக்கு மட்டும் எரிகிறது.

“சும்மா எரியுது” என்றேன் மனைவியிடம்.

“எது சும்மா எரியும்?” என்றாள்.

மாமனார் வீடு வரைக்கும் முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன்.

‘சும்மா எரியுது’ என்பது என் வேலையில் தினமும் புழங்கும் வாக்கியம். ராத்திரி மூன்று மணிக்கு சர்வர் அலாரம் அடிக்கும். எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. மூன்றாவது தடவை அடித்தால் எழுந்திருக்க மாட்டோம், நான்காவது தடவை அலாரத்தையே மியூட் செய்துவிடுவோம். நிஜமாகவே சர்வர் விழுவது அதற்கப்புறம்தான்.

அந்த விளக்கின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்று ராத்திரி. பிரேக் பழுதாகும் என்ற பயத்தில் அதை வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். விஷயம் அதைவிடச் சுவாரசியமானது.

கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1920களில். 1921இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் அதைப் பொருத்தியது. பெடலை மிதித்தால் குழாய்க்குள் இருக்கும் திரவம் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். ஆனால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால் நான்குமே போச்சு. அப்போது எச்சரிக்கை விளக்குக்குத் தேவையே இருக்கவில்லை. கால் தரையைத் தொடும்போதே விஷயம் தெரிந்துவிடும்.

1960களில் சுற்றை இரண்டாகப் பிரித்தார்கள். 1962இல் கெடிலாக் போன்ற கார்களில் இரட்டைச் சுற்று வந்தது. ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். அருமையான ஏற்பாடுதான், கூடவே புதிதாக ஒரு ஆபத்தும் வந்தது. பாதி பிரேக் போன வண்டியும் ஒரு மாதிரி நிற்கத்தான் செய்யும். மிதிப்பதில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும், ஓட்டுபவர் பழகிக்கொள்வார். மிச்சப் பாதியும் போகும் நாளில்தான் அவருக்கு விஷயமே தெரியும். பாதுகாப்பைக் கூட்டியதும் பழுது ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டது.

அதனால்தான் அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் தயாரான கார்களுக்கு இரட்டைச் சுற்றோடு சேர்த்து, ஒரு பக்கம் பழுதானால் எரியும் விளக்கையும் கட்டாயமாக்கினார்கள்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் அந்த விளக்குக்குச் சேதி சொல்வது ஒரு மிதவை. ஆயில் டப்பாவுக்குள் காந்தம் வைத்த சின்ன மிதவை. ஆயில் இறங்கினால் அதுவும் இறங்கும், கீழே உள்ள ஸ்விட்சை காந்தம் மூடும், விளக்கு எரியும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் அதே விளக்குதான். ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் அந்தக் கம்ப்யூட்டர் புகார் சொன்னாலும் அதே விளக்குதான். நாலு பேர் பேச ஒரே வாய். அதிலும் ‘பிரேக் கெட்டுவிட்டது’ என்று அது சொல்வதே இல்லை. ‘எங்கேயோ ஒரு ஸ்விட்ச் மூடியிருக்கிறது’ என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஸ்விட்சுக்கு என்ன தெரியுமோ, அவ்வளவுதான் விளக்குக்கும் தெரியும்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பழைய எச்சரிக்கை ஒன்று பழக்கம். ‘சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நாம் கேட்கும் வரி.

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அடுத்த வருடமே, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஒன்றை ஏற்படுத்தினார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே அதற்குப் பத்து வருடம் கழித்து, 1875இல்தான். பின்னால் எல்லாத் துறைமுகங்களுக்கும் பரவிய இந்த முறையில் இன்று பதினோரு எண்கள் இருக்கின்றன. பகலில் கூம்பும் உருளையும் கம்பத்தில் ஏறும், ராத்திரியில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள்.

அந்த எண்களைக் கவனித்துப் பார்த்தால் நம் காரின் ஒற்றை விளக்கு வெட்கப்படும். ஒன்றும் இரண்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்துக்கு, மூன்றும் நான்கும் பக்கத்தில் வந்ததற்கு. ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பது. ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகில்.

சரி, பத்துக்கு மேல் என்ன? இன்னும் பயங்கரமான புயல் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. பதினோராம் எண் கூண்டின் பொருள்: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. ‘புயல் வருகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை’ என்று கம்பம் சொல்கிறது. எச்சரிக்கை கெட்டுப்போனதற்கும் தனியாக ஒரு எச்சரிக்கை வைத்தவன் பெரிய ஆள்.

2004 டிசம்பர் 26. இந்திய நேரம் காலை ஆறரை மணிக்கு இரண்டொரு நிமிடம் முன்பு சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தது. கால் மணி நேரத்துக்குள் ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி மையத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் கிடையாது. தமிழகக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் ஒரு கூண்டும் ஏறவில்லை, பதினொன்று உட்பட. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் எட்டாயிரம் பேர் இறந்தார்கள். பழவேற்காட்டுக் குப்பங்களிலும் அலை ஏறியது, படகும் வலையும் போயின.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 காலை, மத்திய உள்துறை அமைச்சகம் மறுபடியும் அலை வரலாம் என்று எச்சரித்தது. பிணங்களை இன்னும் தேடிக்கொண்டிருந்த கரையிலிருந்து ஜனங்கள் ஓடினார்கள். நிவாரண வேலை செய்துகொண்டிருந்தவர்களும் ஓடினார்கள். அலை வரவில்லை. அமெரிக்காவிலிருந்த ஒரு தனியார் நிறுவனம் சொன்ன கணிப்பை நம்பி விட்ட எச்சரிக்கை அது என்று பின்னால் வெளியானது. அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த கபில் சிபல் அந்தக் கணிப்பை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார்.

முதல் நாள் விளக்கு எரியவே இல்லை, அடுத்த தடவை சும்மா எரிந்தது. நான்கே நாளில் இரண்டையும் பார்த்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. அதற்கு முதல் பெரிய பரீட்சை 2012 ஏப்ரல் 11. மதியம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிறகு சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஓஎம்ஆரில் எங்கள் கட்டடம் ஆடியது, எல்லோரும் பார்க்கிங்கில் நின்று செல்ஃபோனை ஆட்டிக்கொண்டிருந்தோம், யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. கடலோரத்துக்கு எச்சரிக்கை போனது. சாயங்காலம் விலக்கிக்கொண்டார்கள்.

அன்று இந்த வீட்டுக்காரர்கள் துணிமூட்டையோடு உள்ளே போனதைச் சாப்பிடும்போது மாமனார் சொன்னார். “அவ்ளோ பெரிய நடுக்கம் மாப்ள. அல ஏன் வரல?”

அண்டாத் தண்ணீரில் கையை விட்டுக் காட்டினேன். கையைச் சட்டென்று மேலே தூக்கினால் தண்ணீர் எழும்பித் தளும்புகிறது, அது 2004. கையைக் கத்தி மாதிரி வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் மேலே பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அது 2012. அன்று பாறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. நிலநடுக்கமானிக்கு அதிர்ச்சிதான் முதலில் தெரியும், தண்ணீர் தெரியாது. தண்ணீரைப் பார்க்கக் கடலடியில் அழுத்தமானிகளும் கரையில் அலைமானிகளும் இருக்கின்றன. அவை பேசும் வரை காத்திருந்தால் ஓட நேரம் இருக்காது. அதனால் முதலில் ஓடச் சொல்வார்கள், பிறகுதான் சரிபார்ப்பார்கள்.

அவர் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்த அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

2004 டிசம்பர் 30உம் 2012 ஏப்ரல் 11உம் கரையில் நிற்பவருக்கு ஒன்றுதான். ஓடினோம், அலை வரவில்லை. ஆனால் முன்னது யாரோ ஒயரைத் தப்பாக இணைத்ததால் எரிந்த விளக்கு. பின்னது சரியான ஸ்விட்ச், சரியாக மூடி, எரிய வேண்டிய விதத்தில் எரிந்த விளக்கு. இந்த வித்தியாசத்தை யாராவது வந்து சொல்லாவிட்டால் அடுத்த தடவை இரண்டுக்கும் ஒரே மரியாதைதான் கிடைக்கும்.

மறுநாள் காலை பஜாரில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். படகு இன்ஜினும் பார்ப்பவர். எட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, “ஒயர புடுங்கி வுட்டா எரியாதுண்ணா. நெறைய பேர் அத்தான் பண்றாங்க.”

“ஏன் எரியுதுன்னு தெரியணும்” என்றேன்.

டப்பாவிலிருந்து கனெக்டரை உருவினார். விளக்கு அணைந்தது. ஆக உள்ளே போகும் ஒயரும் ஹேண்ட்பிரேக்கும் காரணமில்லை. டப்பா பக்கம்தான் கோளாறு. கனெக்டரைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பின்னுக்கும் நடுவே பச்சையாகப் பூத்து ஈரமாக இருந்தது. கல்யாணமானதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து கடலைப் பார்த்தபடி ராத்திரி முழுக்க நிற்கிற வண்டி. உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரம் ஓடும். மிதவை மேலேயே இருக்க, உப்பே ஸ்விட்சை மூடியிருந்தது. சுத்தம் செய்து காயவைத்து மாட்டினார். விளக்கு எரியவில்லை.

கிளம்பலாம் என்று பர்ஸை எடுத்தேன். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆயில் யாராச்சும் ஊத்துனாங்களா?”

இரண்டு மாதம் முன்பு இதே விளக்கு மினுக்கியதும், சென்னையில் ஒரு இடத்தில் ஆயில் ஊற்றி அனுப்பியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் தேய்ந்து தகடாக இருந்தது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும், டப்பாவில் அளவு குறையும், விளக்கு எரியும். கசிவே இல்லாமல் இறங்கிய ஆயில் சொன்ன சேதி அது. மேலே ஊற்றி அதன் வாயை மூடியிருந்தோம்.

இந்தத் தடவை எரிந்தது பொய். அந்தப் பொய்யைத் தேடிப் போகாவிட்டால் போன தடவை சொன்ன நிஜம் தெரியாமலே போயிருக்கும். ஒயரைப் பிடுங்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து போயிருக்கும்.

பேட் வாங்க ஆள் பொன்னேரிக்குப் போய் வந்தார். எல்லாம் முடியச் சாயங்காலம் ஆனது. மகள் முன்னால் ஏறி என் மடியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“அப்பா, மறுபடியும் எரியுது!”

இரண்டு மூன்று நொடிதான், அணைந்துவிட்டது. எந்தக் காரிலும் சாவி போட்டதும் அது ஒருமுறை எரிந்து அணையும். பல்பு உயிரோடு இருக்கிறது என்று காட்டிக்கொள்வதற்கு. இத்தனை வருடம் ஓட்டியும் நான் அதைப் பார்த்ததே இல்லை. இப்போதெல்லாம் அது எரிந்து அணையும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் கியர் போடுகிறேன்.