படத்தின் பின்புறக் குறிப்பு கணினிக்குள் புகுந்த வரலாறு

படம் எடுப்பதைவிட எடுத்த படத்தைத் தேடி எடுப்பதே கடினம் என்பது பத்திரிகைக் காரியாலயத்தில் பணியாற்றிய எவருக்கும் தெரியும். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பெயர், இடம், திகதி ஆகியன பென்சிலால் எழுதப்பட்டிருந்தால் அது ஆவணம். இல்லையேல் வெறும் கடதாசி. கணினி வந்த பின்னரும் இவ்விதி மாறவில்லை.

1975 இல் கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கமரா ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை கொண்டது. 10,000 புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படமொன்றைக் கசெற் நாடாவில் பதிவதற்கு 23 விநாடிகள் தேவைப்பட்டன. பின்னர் அந்நாடாவை வேறொரு கருவியில் இட்டே தொலைக்காட்சித் திரையில் படத்தைப் பார்க்க முடிந்தது. கமராவிலிருந்து படத்தை இறக்கும் வேலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1994 இல் அப்பிள் வெளியிட்ட குயிக்டேக் 100 கமராவில், உயர்ந்த தரத்தில் எட்டுப் படங்களே கொள்ளும். எட்டுப் படங்களை அடுக்குவதற்கு எவருக்கும் உதவி தேவையில்லை. நினைவக அட்டைகள் வந்து, படங்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோதுதான் ஒழுங்கு தேவைப்பட்டது. 1995 இல் யப்பானில் வகுக்கப்பட்ட எக்சிஃப் என்ற நியமம், எடுத்த திகதியையும் நேரத்தையும் படக் கோப்பினுள்ளேயே பதிய வழி செய்தது. 1998 இல் வந்த மற்றொரு நியமம், எல்லா அட்டைகளிலும் டிசிஐஎம் என்ற கோப்புறை இருக்கவேண்டும் எனவும், கோப்பின் பெயர் நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்டிருக்கவேண்டும் எனவும் விதித்தது. 9999 ஐ எட்டியதும் எண்ணிக்கை மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும். எனவே ஒரே பெயரில் இரு வேறு படங்கள் அமைவது இயல்பு. எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடக்கூடும்.

2002 இல் அப்பிளின் ஐபோட்டோ வந்தது. 2004 இல் பிக்காசாவை வாங்கிய கூகுள் அதனை இலவசமாக வழங்கியது. படங்களைத் திகதிவாரியாக அடுக்கும் வேலையை இவை தாமே செய்தன. ஆனால் ஐபோட்டோ 2015 இலும் பிக்காசா 2016 இலும் கைவிடப்பட்டன. மென்பொருளின் தரவுத்தளத்தை மட்டும் நம்பியிருந்த பகுப்புகள் அத்துடன் ஆதரவற்றுப் போயின. இதற்கான விடை செய்தித்துறையிடம் முன்பே இருந்தது. விளக்கக் குறிப்பையும் படப்பிடிப்பாளர் பெயரையும் கோப்பினுள்ளேயே எழுதும் ஐபிரிசி முறை 1990களிலேயே பத்திரிகைகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. பழைய பென்சில் குறிப்பின் மறுபிறப்பே அது.

எமக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயமன்று. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது; 1995 இல் குடாநாட்டு மக்கள் இடம்பெயர்ந்தனர்; 2004 இல் ஆழிப்பேரலை வந்தது. ஒவ்வொரு முறையும் ஆவணங்களும் குடும்பப் படங்களும் அழிந்தன. எஞ்சியவற்றையே இன்று ஸ்கான் செய்து கணினியில் சேர்க்கிறோம். அங்கும் ஓர் இடர் உண்டு. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற தமிழாராய்ச்சி மாநாட்டின் படமொன்றை 2008 இல் ஸ்கான் செய்தால், திருத்தாவிடில் கணினி அதனை 2008 இலேயே அடுக்கும். படத்தில் நிற்பவர் யார் என்பதும் அதற்குத் தெரியாது.

ஆகவே கோப்புறைக்கு ஆண்டு, மாதம், இடம் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். விளக்கத்தைக் கோப்பினுள்ளேயே எழுதுங்கள். பிரதியொன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். படத்திலுள்ளோரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய மூத்தோர் வீட்டில் இருக்கும்போதே இவ்வேலையைத் தொடங்குவது நல்லது.